மானியப் பணமும் உண்டியல் பணமும்

"அரசாங்கக் காசுதானே அக்கா, யாரு கேக்கப் போறா?"

கிளைக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு முறை நானே சொல்லியும் இருக்கிறேன். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மானியத்துக்கு மனு எழுதுவது எப்படி என்று எழுதச் சொல்லித்தான் ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தவரை மனு எழுதுவது பெரிய வித்தை இல்லை. அதில் எதை எழுதக் கூடாது என்பதுதான் கஷ்டம்.

2019-இல் எங்கள் இளைஞர் பிரிவு ஒரு முதலுதவி, அவசரகாலப் பயிற்சி நடத்தியது. நான் அப்போது செயலாளர். கிள்ளான் ஆற்றிலிருந்து அதிக தூரமில்லாத தாமான் எங்களுடையது. கோயில் மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு. செலவுக்கு ஒரு மானியம் கிடைத்தது. யார் கொடுத்தார்கள் என்பது இங்கே தேவையில்லை. நிபந்தனை ஒன்றுதான்: குறைந்தது 60 பேர் வர வேண்டும், குறைந்தால் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வந்தவர்கள் 38 பேர். அந்த வாரம் மூன்று கல்யாணம், ஒரு பூப்பந்துப் போட்டி. என்ன செய்ய? பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, 60 பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரவு மாமாக் கடையில் உட்கார்ந்து, மூன்று பேர், மூன்று வெவ்வேறு பேனாவில் மீதி 22 பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எல்லாம் நிஜமான ஆட்கள்தான். நம் பசங்க, கூட்டங்களுக்கு வருகிறவர்கள், போன் நம்பர் எல்லாம் எங்களிடம் இருந்தது. ஒரு காசுகூட யாருடைய பாக்கெட்டுக்கும் போகவில்லை. தே தாரிக்குக்கூட நாங்கள்தான் பணம் கட்டினோம். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதைத்தான் இப்போது நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. அந்தத் தேதியைச் சிலாங்கூர்க்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் இருட்டுவதற்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது.

கோயில் தலைவர் பொறுப்பான மனிதர். கைப்பேசியில் சார்ஜ் இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும் என்று அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். 2019 பயிற்சியின் பெயர்ப் பட்டியல். பெயர், முகவரி, நம்பர். எந்த ஜாலானில் யார் பயிற்சி பெற்றவர் என்று பிரித்து, "உங்க ரோட்டுல வயசானவங்க, நோயாளிங்க இருந்தா நீங்க பார்த்துக்கணும் தம்பி" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒரு ஜாலானில் இரண்டு பெயர் இருந்தது. இரண்டும் மாமாக் கடைப் பெயர்கள். ஒருவன் ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் வீட்டில்தான் இருந்தான். தலைவர் பேசியதில் பாதி அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கோயிலிலிருந்து கூப்பிடுகிறார்களே என்று தண்ணீரில் இறங்கிப் போனான்.

அந்த ஜாலான் கடைசி வீட்டு மாடியில் ஓர் அங்கிளுக்கு நெஞ்சு வலி, மூச்சு இரைப்பு. 999-க்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. அந்தப் பையன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். அங்கிளைக் கட்டிலில் நேராக மல்லாக்கப் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுக்கப் பார்த்தான். பயிற்சிக்கு வந்தவர்களுக்குத் தெரியும், மூச்சுத் திணறும் ஆளைப் படுக்க வைக்கக் கூடாது. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தாற்போல் உட்கார வைக்க வேண்டும். முதல் நாள் காலையில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அங்கிளுக்கு மூச்சு இன்னும் மோசமானது. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா ஒருவர், மருத்துவமனையில் மிஸ்ஸி, சத்தம் கேட்டுத் தண்ணீரில் நடந்து வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார். மறுநாள் மதியம் படகு வரும்வரை அவர்தான் கூடவே இருந்தார்.

அங்கிள் பிழைத்துக்கொண்டார். பையன்தான் ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தான். "அக்கா, நான் அந்த கிளாஸுக்கு வரவே இல்லையே. என் பேரு எப்படி அதுல இருந்துச்சு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. காரணங்கள் மட்டும் இருந்தன. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கிளையிலும் இதே காரணங்கள்தான் மேசைக்கு வரும்.

யாருக்கும் நஷ்டமில்லை என்பது ஒன்று. பணம் முழுவதும் பயிற்சிக்கே போயிற்று, உண்மைதான். ஆனால் பட்டியல் என்பது வெறும் கணக்குக் காகிதம் என்று நாங்கள் நினைத்தோம். கலைநிகழ்ச்சிக்கு வந்தவர்கள் 200 என்று 300 போட்டால் அது பொய், தப்பு; ஆனால் அந்தப் பொய் கோப்புக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும். பாதுகாப்பு விஷயத்தில் அப்படி இல்லை. இங்கே காகிதமே ஒரு கருவி, கயிறு போல, மிதவைச் சட்டை போல. நாம் போட்ட எண்ணை வைத்து இன்னொருவர் திட்டம் போடுகிறார். "அந்த ரோட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று நம்பித் தலைவர் வேறு ரோட்டுக்கு ஆள் அனுப்பினார். பட்டியலே இல்லாமல் இருந்திருந்தால் அவர் யாரையாவது தேடியிருப்பார். இல்லாத உதவியை இருப்பதாகக் காட்டுவது, உதவி இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

இன்னொரு காரணம், 60 பேர் என்ற விதியே முட்டாள்தனமானது என்பது. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 38 பேர் ஒழுங்காகக் கற்றுக்கொள்வது 60 பேர் படம் எடுத்துக்கொண்டு போவதைவிட மேல். ஆனால் இதைக் கொடுத்தவர்களிடம் நாங்கள் சொல்லவில்லையே. "38 பேர்தான் வந்தார்கள், மீதி 22 பேருக்கு மார்ச் மாதம் இன்னொரு வகுப்பு நடத்தித் தருகிறோம்" என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஒத்துக்கொண்டிருக்கலாம், ஒத்துக்கொள்ளாமலும் போயிருக்கலாம். கேட்டுப் பார்க்கவே இல்லை. தப்பான விதியைப் பொய்யால் தாண்டிப் போனால் விதி அப்படியே இருக்கும்; எல்லாருக்கும் 60 பேர் வருகிறார்கள் என்று அவர்கள் கோப்பு சொல்லும், அடுத்த வருடம் 80 கேட்பார்கள்.

நல்ல காரியத்துக்குத்தானே என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. இதை லேசாகத் தள்ள முடியாது. 2022-இல் இன்னொன்று நடந்தது. மிதவைச் சட்டை வாங்க விலை கேட்கப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், கோயிலுக்கு அடிக்கடி வருபவர். "பில்லை நான் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தர்றேன். வித்தியாசத்தை நீங்க அன்னதானத்துக்கு வச்சுக்குங்க" என்றார். அவருக்கு அதில் ஐந்து காசு லாபமில்லை. எங்களுக்கும் இல்லை. பசித்தவர்களுக்குச் சோறு. தர்மம்தானே?

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். அதே மனிதரிடம் போய், "அண்ணே, உண்டியலைத் திறந்து கொஞ்சம் எடுத்துக்கிறோம், பக்கத்து டியூஷன் வகுப்புக்குக் கொடுக்கப் போறோம்" என்று சொன்னால் பதறிப்போவார். சிவன் சொத்து குல நாசம் என்பார். டியூஷன் வகுப்பும் நல்ல காரியம்தானே என்றால் கேட்க மாட்டார், உண்டியலில் போட்டவன் எதற்காகப் போட்டானோ அதற்குத்தான் போக வேண்டும் என்பார். உண்டியல் என்றால் நமக்குத் தானாகக் கை நடுங்குகிறது. மானியப் பாரத்தில் ஏன் நடுங்குவதில்லை?

நான் நினைக்கிறேன், உண்டியலில் போட்டவர்களை நமக்குத் தெரியும். பாட்டி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு வெள்ளியை அவிழ்த்துப் போடுவதைக் கண்ணால் பார்க்கிறோம். அரசாங்கப் பணத்தைப் போட்டவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இருக்கிறார்கள். போன் பில்லில் பிடிக்கிற சேவை வரியும், சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற வருமான வரியும்தான் அந்தப் பணம். அந்தப் பாட்டியின் கைப்பேசிக் கட்டணத்திலும் ஒரு துளி அதற்குள் போயிருக்கிறது. ஆக அதுவும் ஓர் உண்டியல்தான், நாடு முழுக்க வாய் வைத்த உண்டியல். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பொய்யான ரசீதோ கணக்கோ காட்டி ஏமாற்றுவது 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் குற்றம், 20 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நேர்மையாக இருக்கச் சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்களை யாரும் பிடிக்கவில்லையே. மாமாக் கடைக் கையெழுத்து இன்றுவரை எந்தத் தணிக்கையிலும் மாட்டவில்லை.

கடைக்காரரிடம் சரியான விலைக்கே பில் வாங்கினோம். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். "ரொம்ப ஸ்டிரிக்ட்டா இருக்கீங்க லா" என்றார்.

இனி, கேட்கலாமா கூடாதா என்பதற்கு வருவோம். எங்கள் கிளையில் ஒரு தம்பி, நன்றாகப் படித்தவன், மானியம் என்றாலே முகம் சுளிப்பான். "கையேந்தி நிக்கணுமா? நாம வரி கட்டுறோம், வெள்ளம் வந்தா அவங்க வரணும். நாம ஏன் அவங்க வேலையச் செய்யணும்?" வள்ளுவர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று அவனிடம் சொன்னேன். 106-ஆவது அதிகாரம் இரவு, கேட்பது. அடுத்த 107-ஆவது அதிகாரமே இரவச்சம், கேட்க அஞ்சுவது. ஒன்றில் கேட்கத் தகுந்தவரிடம் கேட்பதற்கு இடம் கொடுக்கிறார். மற்றதில் கேட்காமல் இருப்பதன் பெருமையைச் சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது சும்மா இல்லை. இருப்பதை ஒளிக்காமல் கொடுப்பவரைப் பற்றி அங்கே பேசுகிறார். எனக்கு அதைப் படிக்கும்போது, கேட்பவன் ஒளித்தால் என்ன என்றுதான் ஓடுகிறது.

தம்பியின் கேள்வி நியாயமானது. அரசாங்கத்தின் வேலையை நாம் எடுத்துக்கொண்டால், அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வசதியாகிவிடும் என்று அவன் பயப்படுகிறான். 2021-இல் உதவி தாமதமாக வந்ததைப் பார்த்தவன். ஆனால் வெள்ளத்தில் முதல் சில மணி நேரம் யாருடையது? எவ்வளவு நல்ல அரசாங்கமாக இருந்தாலும் அது பக்கத்து வீட்டுக்காரருடையது. எதிர்வீட்டு மிஸ்ஸி அக்கா வந்தது எந்தத் துறையின் உத்தரவாலும் இல்லை. அந்த முதல் மணி நேரத்துக்கு ஆட்களைத் தயார் செய்யப் பொதுப் பணத்தைக் கேட்பதைப் பிச்சை என்று நான் நினைக்கவில்லை. நம் பணத்தில் ஒரு பகுதியை நம் ரோட்டுக்கே திரும்பக் கேட்பது அது. கேட்டுவிட்டு, அதோடு வடிகால் ஏன் தூர்வாரவில்லை என்று நகராண்மைக் கழகத்தையும் கேட்க வேண்டும். மானியம் வாங்கியதற்காக வாயை மூடிக்கொள்ளக் கூடாது.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. வெள்ளம் வந்த பிறகு பணம் வருவது சுலபம். அந்த டிசம்பருக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் கருணைத் தொகை கொடுத்தார்கள். அந்த வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் புள்ளிவிவரத் துறை 610 கோடி ரிங்கிட் என்று கணக்கிட்டது. வரும் முன்னால் 10,000 ரிங்கிட் கேட்டுப் பாருங்கள், எத்தனை படி ஏற வேண்டும் என்று தெரியும். நாமும் அப்படித்தான். உணவுப் பொட்டலம் கொடுக்கும் படத்துக்கு முகநூலில் நூறு லைக் விழும். மாடிப்படியில் கயிறு கட்டிப் பழகும் படத்துக்கு ஆறு, அதில் மூன்று குடும்பத்தார். முன்னேற்பாடு வெற்றி பெற்றால் எதுவுமே நடக்காது. நடக்காததைப் படம் எடுக்க முடியாதே. அதனால்தான் மனுவில் மிகைப்படுத்தும் ஆசை இந்த விஷயத்தில் அதிகமாக வருகிறது.

"பயனடைவோர் எண்ணிக்கை" என்ற கட்டம் வரும்போது பாருங்கள். எங்கள் தாமானில் வெள்ளம் ஏறும் ஜாலான்களில் இருப்பவர்கள் ஏறக்குறைய 800 பேர். தாமான் முழுக்க என்று போட்டால் 5,000. 5,000 என்று போட்டால் மனு மேலே ஏறும். யாருடைய மனு கீழே இறங்கும்? நம்மைப் போல் எழுதத் தெரியாத யாரோ ஒருவருடையது. ஆற்றோரக் கம்போங்காக இருக்கலாம், எஸ்டேட் பழைய லயமாக இருக்கலாம், ஒராங் அஸ்லி குடியிருப்பாக இருக்கலாம். அவர்களிடம் நம்மைப் போல் பட்டதாரிச் செயலாளர் இல்லை. நமக்குக் கிடைத்த படிப்பை வைத்து அவர்களுக்கு முன்னால் வரிசையில் நுழைகிறோம். இதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு ஏனோ மாமாக் கடைக் கையெழுத்தைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது.

அந்த 800 பேரை எண்ணும்போதும் ஒரு வாக்குவாதம். அதில் நம் குடும்பங்கள் பாதிகூட இல்லை. மலாய், சீனக் குடும்பங்கள், தொழிற்சாலை ஹாஸ்டலில் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்கள். "நம்ம சங்கம் நம்ம ஆளுங்களுக்குத்தானே" என்று ஒரு குரல் வந்தது. தலைவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கு வந்த மிஸ்ஸி நம்ம ஆளா?" என்று மட்டும் கேட்டார். அதோடு முடிந்தது.

சரி, ஆசிரியர் குழு கேட்டதற்கு வருகிறேன். முதலில் மாவட்ட அலுவலகம். மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவுக்கு மாவட்ட அதிகாரிதான் தலைவர், பொதுத் தற்காப்புப் படை அதன் செயலகம். உங்கள் பகுதியில் என்ன ஆபத்து, நிவாரண மையம் எது, யாரிடம் என்ன பொருள் இருக்கிறது என்று அங்கே கேளுங்கள். அதைக் கேட்காமல் மனு எழுதினால் பக்கத்துப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் பொருளையே நாமும் கேட்போம். பயிற்சிக்குப் பொதுத் தற்காப்புப் படை, தீயணைப்பு மீட்புப் படை, செயிண்ட் ஜான், பிறைச் சங்கம் எல்லாம் இருக்கின்றன. சில பயிற்சிக்கு மானியமே தேவைப்படாது, ஒரு கடிதமும் ஒரு மண்டபமும் போதும். சமூக அளவிலான பேரிடர் தயார்நிலையைத் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா ஊக்குவிக்கிறது. 2014 கிழக்குக்கரை வெள்ளத்துக்குப் பிறகு 2015-இல் உருவான நிறுவனம் அது. சட்டமன்ற உறுப்பினர் ஒதுக்கீடு, மித்ரா, தனியார் நிறுவனங்களின் சமூக நிதி என்று வேறு கதவுகளும் உண்டு.

எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்பது ஒன்றேதான்: பதிவுச் சான்றிதழ், ஆண்டுக் கூட்டக் குறிப்பு, தணிக்கை செய்த கணக்கு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. பொருளாளரின் சொந்தக் கணக்கில் காசு போடுகிற பழக்கம் இருந்தால் மனு எழுதுவதற்கு முன்னால் அதை நிறுத்துங்கள்.

படகு மட்டும் கேட்காதீர்கள். எல்லாக் கிளைக்கும் படகு ஆசை இருக்கிறது. இயந்திரத்துக்குப் பராமரிப்பு, ஓட்டத் தெரிந்த ஆள், வைக்க இடம் எல்லாம் வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் கோயில் பின்புறம் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்கிற படகை நான் பார்த்திருக்கிறேன். அதன் பக்கவாட்டில் கொடுத்தவரின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்த முகம் விஷயமும் யோசிக்க வேண்டியது. மாதிரிக் காசோலை, பேனர், மேடை. நன்றி சொல்வது மரியாதை, நன்றாகவே சொல்லலாம். தேர்தல் சமயத்தில் அதே மேடைக்கு நம் சீருடைப் பிள்ளைகளைக் கூட்டி வரச் சொன்னால் அது நன்றி இல்லை, வாடகை.

கோயில் திருவிழாவையும் மறந்துவிடாதீர்கள். 1988 ஜூலை 31-இல் பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று திருவிழாக்களுக்கு வந்து போன கூட்டம் அது. பக்திக் கூட்டமென்றால் கட்டடம் கூடுதலாகத் தாங்காது. தைப்பூசத்துக்கோ தீமிதிக்கோ எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியாக வெளியேறுவார்கள் என்று எழுதி வைத்திருக்கும் கோயில் எத்தனை?

கடைசியாக, அந்த 22 பெயர். 2022-இல் புதிய மனு எழுதும்போது பழைய பயிற்சியைச் சாதனையாகக் காட்ட வேண்டியிருந்தது. 60 என்று போட்டால் பழைய பொய் தொடரும். 38 என்று போட்டால் முரண்பாடு தெரியும். செயற்குழுவில் மூன்று மணி நேரம் பேசினோம். "கிளை பேரு கெட்டுடும்" என்றார்கள், அதுவும் நியாயமான கவலைதான். என் தப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? கடைசியில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் எங்கள் பெயரில் கடிதம் எழுதினோம், என்ன செய்தோம், எத்தனை பேர், ஏன் என்று. திருத்திய அறிக்கை கேட்டார்கள், கொடுத்தோம். ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பிக் கட்டினோம், அது எங்கள் மூவர் கையிலிருந்து. அந்த வருட மனு தேர்வாகவில்லை. காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வருடம் 18,000 கேட்டதில் 6,000 ரிங்கிட் கிடைத்தது. மிதவைச் சட்டை, கயிறு, கை ஒலிபெருக்கி, பேட்டரி விளக்கு வாங்கினோம். அந்தப் பையன், தண்ணீரில் இறங்கிப் போனவன், இப்போது பயிற்சி முடித்து எங்கள் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறான். என்னிடம் முன்போல் பேசுவதில்லை, வேலை விஷயம் மட்டும்தான்.

இந்த வருடப் பாரத்தை நேற்று அவன்தான் நிரப்பினான். பயிற்சி பெற்ற தொண்டர்கள் என்ற கட்டத்தில் 24 என்று எழுதியிருக்கிறான். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "இதில் இருவர் சிங்கப்பூரில் வேலை, வார நாட்களில் இருக்க மாட்டார்கள்."